பாலைவனத்தில் பறந்த நடிகர்
ஸ்டீவ் மக்குவீன் வாழ்க்கைக் கதை

1963-ம் ஆண்டில் 'தி கிரேட் எஸ்கேப்' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது.

ஜெர்மானியரின் சிறை முகாமிலிருந்து ஓர் அமெரிக்க விமானப்படை அதிகாரி தப்பி ஓடுகிறார். பகைவனின் மோட்டார் சைக்கிளையே பறித்துக் கொண்டு பறக்கிறார். பின்னால் ஜெர்மன் சிப்பாய்கள் துரத்தி வருகிறார்கள். முன்னால் முள்கம்பி வேலி. அதற்கு அப்பால் சுவிட்சர்லாந்து. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் விடுதலை!

அவர் வண்டியை வட்டமடித்துத் திருப்புகிறார். ஒரு மேட்டில் ஏற்றி, வேலிக்கு மேலே பாய்கிறார். அந்தக் கனமான மோட்டார் சைக்கிள் ஆகாயத்தில் பறந்து, அந்தப் பக்கம் போய் இறங்குகிறது.

கொட்டகையில் இருந்தவர்கள் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்த அதிகாரியாக நடித்த ஸ்டீவ் மக்குவீன் புகழின் உச்சிக்குப் போனார்.

ஆனால், அந்தப் பாய்ச்சலைப் பாய்ந்தவர் மக்குவீன் அல்ல! பறந்த வண்டியும் ஜெர்மன் வண்டி அல்ல!

அப்படியானால் பாய்ந்தவர் யார்? அது எந்த வண்டி? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், மக்குவீன் பிறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

தகப்பன் முகம் அறியாதவர்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பீச் குரோவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1930-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி மக்குவீன் அங்கே பிறந்தார்.

தகப்பனார் விமானத்தில் சாகசம் செய்து காட்டுகிறவர். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே மனைவியையும் மகனையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. பிற்காலத்தில் மகன் அவரைத் தேடிப் போனார். தகப்பனார் சற்று முன்புதான் இறந்து போனார் என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது.

தாயாராலும் குழந்தையை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. மிசௌரி மாநிலத்தில் ஸ்லேட்டர் என்ற ஊரில், பாட்டியின் சகோதரர் கிளாடு என்பவர் பண்ணை வைத்திருந்தார். பையன் அங்கே வளர்ந்தான்.

கிளாடு கண்டிப்பானவர். ஆனால் அன்பானவர். பையனின் நாலாவது பிறந்த நாளுக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். சக்கரத்தின் மீது ஏற்பட்ட ஆசைக்கு அந்தச் சைக்கிள்தான் காரணம் என்று மக்குவீன் கடைசிவரை நினைத்திருந்தார்.

பள்ளிக்கூடம் அவனுக்குக் கசந்தது. ஒரு காது சரியாகக் கேட்காது. எழுத்துக்களைப் படிப்பதிலும் தடுமாற்றம் இருந்தது. பிறகு தாயார் அவனைத் தம்மிடம் அழைத்துக் கொண்டார். மாற்றாந் தகப்பனின் அடி தாங்க முடியவில்லை. பையன் தெருவுக்குப் போனான். திருட்டும் அடிதடியுமாகத் திரிந்தான்.

14-வது வயதில் அவனைக் கலிபோர்னியாவில் சினோ என்ற ஊரிலுள்ள சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்தார்கள். முதலில் அங்கிருந்தும் தப்பி ஓடப் பார்த்தான். பிறகு அங்கேதான் ஒழுங்கைக் கற்றுக்கொண்டான்.

படையும் பந்தயமும்

1947-ம் ஆண்டில் மக்குவீன் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். விடுமுறை முடிந்தும் திரும்பாமல் ஊர் சுற்றியதற்காக 41 நாள் சிறையில் இருந்தார். அதே மக்குவீன், வட துருவப் பகுதியில் நடந்த பயிற்சியின்போது, பனிக்கட்டி உடைந்து மூழ்க இருந்த டாங்கியிலிருந்து ஐந்து வீரர்களைக் காப்பாற்றி நற்பெயரும் வாங்கினார்.

1950-ல் படையிலிருந்து வெளியே வந்தார். கையில் தொழில் இல்லை. படையில் இருந்தவர்களுக்கு அரசாங்கம் படிப்புச் செலவு கொடுத்தது. அதைக் கொண்டு நியூயார்க் நகரில் ஒரு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார்.

படிப்புக்கு வழி கிடைத்தது. சாப்பாட்டுக்கு?

மோட்டார் சைக்கிள்தான் சோறு போட்டது! வாரக் கடைசியில் லாங் ஐலண்ட் நகரில் நடக்கும் பந்தயங்களில் கலந்து கொண்டார். ஜெயித்தால் பரிசுப் பணம் கிடைக்கும். அதில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கழிந்தன.

பிறகு நாடக மேடை. அப்புறம் டெலிவிஷன். 1960-ம் ஆண்டில் வந்த 'தி மேக்னிபிசென்ட் செவன்' படம் அவரை எல்லோருக்கும் தெரிந்த நடிகராக்கியது. பணமும் வந்தது. விலை உயர்ந்த கார்கள் வாசலில் நின்றன. ஆனால் மனம் மோட்டார் சைக்கிளை விட்டுப் போகவில்லை.

எக்கின்ஸ் கடை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பட் எக்கின்ஸ் என்பவர் டிரையம்ப் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்தார். டிரையம்ப், இங்கிலாந்து நாட்டு வண்டி.

எக்கின்சுக்கும் மக்குவீனுக்கும் ஒரே வயது. கரடுமுரடான வழியில் வண்டி ஓட்டுவதில் எக்கின்ஸ் மன்னர். கலிபோர்னியாவின் பெரிய பந்தயங்களில் பல முறை முதலாவதாக வந்தவர்.

மக்குவீன் தமது டிரையம்ப் வண்டியோடு இந்தக் கடைக்கு வந்து போனார். வாடிக்கையாளராக வந்தவர் நண்பரானார். நண்பராக இருந்தவர் சீடரானார். ஸ்டூடியோவில் வேலை இல்லாத நாட்களில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு பட்டறையில் உட்கார்ந்திருப்பார்.

அங்கேதான் ஒரு புதிய வித்தையைக் கண்டார். தார் ரோட்டுக்காகச் செய்த வண்டியைப் பாலைவனத்தில் ஓடுகிற வண்டியாக மாற்றுகிற வித்தை அது.

ரோட்டு வண்டி மாறிய விதம்

அந்தக் காலத்தில் பாலைவனத்துக்கு என்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள்கள் அதிகம் கிடையாது. ஆகவே, டிரையம்ப் போன்ற 650 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டிகளை வாங்கி, ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

முதல் வேலை, வேண்டாத சுமையைக் குறைப்பது. பெரிய விளக்கு, கண்ணாடி, பளபளக்கும் மட்கார்டுகள் எல்லாம் கழற்றப்படும். வண்டியின் எடையோ சுமார் 165 கிலோ. மணலில் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கிலோ குறைவதும் லாபம்தான்.

அடுத்தது புகைக் குழாய். ரோட்டு வண்டியில் அது தாழ்வாகப் போகும். கல்லில் இடித்தால் நசுங்கிவிடும். ஆகவே குழாயை வளைத்து, என்ஜினுக்குப் பக்கத்தில் மேலே ஏற்றிக் கட்டினார்கள். என்ஜினுக்கு அடியிலே கனமான தகட்டைப் பொருத்தினார்கள். பாறை மோதினாலும் அடி தகட்டுக்கே! என்ஜின் தப்பித்துக்கொள்ளும்.

வழவழப்பான ரோட்டு டயரைக் கழற்றிவிட்டு, கட்டி கட்டியாகப் பல் வைத்த டயரை மாட்டினார்கள். அந்தப் பற்கள் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அகலமான ஹாண்டில்பாரைப் பொருத்தினார்கள். ஹாண்டில்பார் அகலமாக இருந்தால், குழியில் விழுந்த சக்கரத்தைத் திருப்புவது சுலபம். முன் போர்க்கின் சாய்வையும் சற்று அதிகமாக்கினார்கள். இதனால் முன் சக்கரம் கொஞ்சம் முன்னே தள்ளி நிற்கும். வேகமாகப் போகும்போது மணலில் ஹாண்டில் வெட்டி இழுக்காது.

பின் சக்கரத்தில் பெரிய பல் சக்கரத்தை மாட்டுவார்கள். இதனால் உச்ச வேகம் குறையும். ஆனால் இழுக்கும் சக்தி கூடும். மேட்டில் ஏறுவதற்கு வேகத்தைவிட இழுவைதானே முக்கியம்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏர் கிளீனர். என்ஜின் ஓடக் காற்று வேண்டும். பாலைவனக் காற்றிலோ தூசி நிறைந்திருக்கும். அந்தத் தூசி உள்ளே போனால், உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்ததுபோலச் சிலிண்டரும் பிஸ்டனும் தேய்ந்து போகும். ஆகவே, சாதாரண வடிகட்டியை எடுத்துவிட்டு, பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். வண்டி பந்தயத்தை முடிக்குமா, பாதியில் நிற்குமா என்பதை முடிவு செய்வது இந்தச் சின்னச் சாமான்தான்.

இப்படி மாற்றிய வண்டிகளுக்குப் 'பாலைவனச் சறுக்குவண்டி' என்று பட்டப்பெயர் ஏற்பட்டது. எக்கின்ஸ் அப்படி ஒரு வண்டியை மக்குவீனுக்காகத் தயார் செய்து கொடுத்தார். அதற்கு வர்ணம் பூசியவர் 'வான் டச்சு' என்ற புனைபெயரில் புகழ் பெற்ற ஓவியர்.

புகையை நோக்கி ஓட்டம்

பாலைவனப் பந்தயம் தொடங்குகிற விதமே தனி. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக நிற்கும். பாதை என்று ஒன்றும் இருக்காது. பல மைலுக்கு அப்பால் பழைய டயர்களைக் குவித்துக் கொளுத்துவார்கள். கரும்புகை எழும்பும். கொடி விழுந்ததும் எல்லோரும் அந்தப் புகையை நோக்கிப் பாய வேண்டும். புதரும் பள்ளமும் அவரவர் பாடு!

முன்னால் போகிறவனுக்கு மட்டும் வழி தெரியும். மற்றவர்களுக்குத் தூசிதான்.

இங்கே நடிகர் என்று யாரும் வழி விட மாட்டார்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டால் எல்லோரும் ஒன்றுதான். மக்குவீனுக்கு அதுதான் பிடித்திருந்தது. பல பந்தயங்களில் தம் பெயரை மறைத்து, ஹார்வி மஷ்மன் என்ற பொய்ப் பெயரில் கலந்துகொண்டார்.

வேலி தாண்டிய வண்டி

1962-ல் 'தி கிரேட் எஸ்கேப்' படத்தை ஜெர்மனியில் எடுத்தார்கள். கதை, உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தை ஒட்டியது. 1944-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் 76 கைதிகள் சுரங்கம் தோண்டி முகாமிலிருந்து தப்பினார்கள். அவர்களில் 50 பேரை ஜெர்மானியர் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சம்பவத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை. படத்தில்தான் அது சேர்ந்தது.

யுத்த காலத்து ஜெர்மன் வண்டிகள் மிகவும் கனம். வேலியைத் தாண்ட அவை உதவா. ஆகவே, டிரையம்ப் வண்டிக்குப் பட்டாள வர்ணம் பூசி, ஜெர்மன் வண்டிபோல் வேஷம் போட்டார்கள்!

ஓட்டுகிற காட்சிகளில் மக்குவீனே ஓட்டினார். அவரைத் துரத்துகிற ஜெர்மன் சிப்பாயாகவும் சில இடங்களில் அவரே உடை மாற்றிக்கொண்டு ஓட்டினார். படத்தில் மக்குவீனை மக்குவீனே துரத்துகிறார்!

ஆனால் வேலியைத் தாண்டும் காட்சி வேறு. கதாநாயகனுக்குக் கையோ காலோ முறிந்தால் படமே நின்றுவிடும். ஆகவே, அதற்கு மக்குவீனை அனுமதிக்கவில்லை. அவருக்குப் பதிலாகப் பட் எக்கின்ஸ் பாய்ந்தார். சுமார் 12 அடி உயரம். தாண்டிய தூரம் ஏறக்குறைய 60 அடி!

உலகம் அந்தப் பெருமையை மக்குவீனுக்குக் கொடுத்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பாய்ந்தவர் தமது நண்பர் எக்கின்ஸ்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். தமக்குச் சேராத புகழை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆறு நாள் சோதனை

படத்திலே செய்ததை நிஜத்திலும் செய்து காட்ட ஒரு சந்தர்ப்பம் வந்தது.

சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் சோதனை என்று ஒரு போட்டி உண்டு. 1964-ம் ஆண்டு செப்டம்பரில் அது கிழக்கு ஜெர்மனியில் எர்பர்ட் நகரில் நடந்தது. கம்யூனிஸ்டு ஆட்சியில் இருந்த நாடு அது. பெர்லின் சுவர் எழும்பி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அமெரிக்கக் குழுவில் பட் எக்கின்ஸ், அவர் தம்பி டேவ் எக்கின்ஸ், கிளிப் கோல்மன், ஸ்டீவ் மக்குவீன் ஆகியோர் இருந்தனர். தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவர் மக்குவீன். அவருடைய எண் 278.

வேகமாக ஓடினால் மட்டும் இந்தப் போட்டியில் ஜெயித்துவிட முடியாது. காடு, மலை, சேறு, கல் ஆகியவற்றின் வழியாக ஆறு நாள் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் குறித்த நிமிஷத்தில் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் மார்க் குறையும்.

வண்டி பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. ஓட்டுகிறவர்தான் தம் கையால் சரி செய்ய வேண்டும். முக்கியமான பாகங்களில் முதல் நாளே வர்ணத்தால் அடையாளம் போட்டுவிடுவார்கள். அவற்றை மாற்றக் கூடாது. ராத்திரியில் வண்டிகளைப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டி, ரோட்டில் ஓட்டத் தகுந்த வண்டியாகவும் இருக்க வேண்டும். ஆகவே, பாலைவனத்தில் கழற்றி எறிந்த விளக்கும் ஹாரனும் இங்கே திரும்பவும் ஏறின!

மக்குவீனும் பட் எக்கின்சும் 650 சி.சி. டிரையம்ப் ஓட்டினார்கள்.  மழையும் சேறுமான வழியில் பெரிய வண்டியை அடக்குவது சிரமம். ஆனாலும் மக்குவீன் சளைக்கவில்லை. விழுந்தார். எழுந்தார். திரும்பவும் ஓட்டினார்.

மூன்றாம் நாள் விதி விளையாடியது. மக்குவீனின் வண்டி விபத்தில் சிக்கிச் சேதமாயிற்று. மேலே ஓட்ட முடியவில்லை. அதே நாளில் பட் எக்கின்சும் விழுந்து கால் எலும்பு முறிந்தது. குருவும் சீடரும் ஒரே நாளில் போட்டியிலிருந்து விலகினார்கள்.

டேவ் எக்கின்சும் கோல்மனும் கடைசிவரை ஓட்டித் தங்க மெடல் வாங்கினார்கள்.

மக்குவீனுக்கு மெடல் இல்லை. ஆனால் அவர் ஓடியது சினிமா காமிராவுக்கு முன்னால் அல்ல. அவருக்குப் பதிலாகப் பாய அங்கே யாரும் இல்லை. விழுந்ததும் அவரே, வலித்ததும் அவருக்கே. மோட்டார் சைக்கிள் வீரர்கள் அதன்பிறகு அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். இப்போதும் அவர்கள் பேசிக்கொள்வது அவர் தோற்ற அந்தப் போட்டியைப் பற்றித்தான்.

கலப்பு வண்டி

இதற்குப் பிறகு அவர் இன்னொரு வண்டியைத் தேடினார். இங்கிலாந்தில் டெரிக் ரிக்மன், டான் ரிக்மன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அவர்கள் வண்டியின் சட்டத்தை மட்டும் செய்தார்கள். என்ஜினை வேறு கம்பெனி வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சட்டத்துக்கு 'மெட்டீஸ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் கலப்பினம் என்று பொருள்.

நிக்கல் பூசிய அந்தச் சட்டத்தின் குழாய்க்குள்ளேயே என்ஜின் ஆயில் இருக்கும். தனி டேங்க் வேண்டியதில்லை. அதில் டிரையம்ப் என்ஜினைப் பொருத்தி மக்குவீன் பாலைவனத்தில் ஓட்டினார். 1966-ல், 'பாப்புலர் சயன்ஸ்' என்ற பத்திரிகையில் மோட்டார் சைக்கிள்களைப் பற்றித் தாமே ஒரு கட்டுரை எழுதி, இந்த வண்டியைப் பாராட்டினார். பள்ளியில் எழுத்துக் கூட்டத் தடுமாறிய பையன் எழுதிய கட்டுரை!

காலம் மாறியது. சுவீடன் நாட்டின் ஹஸ்க்வர்னா போன்ற வண்டிகள் வந்தன. அவை கரடுமுரடான வழிக்காகவே பிறந்தவை. எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். அவற்றின் முன்னால் பழைய சறுக்குவண்டிகள் பின்தங்கின. மக்குவீனும் ஹஸ்க்வர்னாவுக்கு மாறினார்.

1970-ல் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அவருடைய இடது பாதம் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு, இரண்டே வாரத்தில் செப்ரிங் நகரில் நடந்த 12 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அவரும் பீட்டர் ரெவ்சனும் மாறி மாறி ஓட்டிய கார் இரண்டாவதாக வந்தது!

1971-ல் 'ஆன் எனி சண்டே' என்ற படம் வெளிவந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பற்றிய உண்மைப் படம். பணம் போட்டு உதவியவர் மக்குவீன். மோட்டார் சைக்கிள்காரர் என்றாலே ரவுடி என்று நினைத்திருந்த பல அமெரிக்கக் குடும்பங்கள், அந்தப் படத்தைப் பார்த்து மனம் மாறின.

மூச்சை அடைத்த தூசி

எத்தனையோ முறை வண்டியிலிருந்து விழுந்தவர். பாறையும் மணலும் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அவரைப் பிடித்தது.

1979-ம் ஆண்டு முடிவில், அவர் நுரையீரலின் உறையில் புற்றுநோய் இருப்பதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அது கல்நார்த் தூசியால் வருகிற நோய். மரைன் படையில் இருந்தபோது, கப்பலில் குழாய்களைச் சுற்றியிருந்த கல்நாரை உரிக்கும் வேலையை அவர் செய்திருந்தார். பந்தய வீரர்கள் அணியும் தீப்பிடிக்காத உடையிலும் அந்தக் காலத்தில் கல்நார் இருந்தது. எதனால் வந்தது என்று அறுதியிட முடியாது. தூசி உள்ளே போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அந்த நோய் தலைகாட்டும்.

என்ஜினுக்குள் தூசி போகக்கூடாது என்று பெரிய வடிகட்டி வைத்தவர், தம் மூச்சில் போன தூசியை அறியவில்லை.

அந்தக் காலத்தில் அவர் சாண்டா பவுலா என்ற ஊரில் ஒரு விமானக் கொட்டகையில் குடியிருந்தார். பழைய மோட்டார் சைக்கிள்கள் சுற்றிலும் நின்றன. பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டார். முகம் அறியாத தகப்பனார் செய்த தொழில் அது.

மெக்சிகோ நாட்டில் ஜூவாரஸ் நகரில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அதன்பின் சில மணி நேரத்தில், 1980-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 50.

1984-ல் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தன. பல நாட்டு ரசிகர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். பட் எக்கின்ஸ் 2007 வரை வாழ்ந்தார்.

மக்குவீன் ஒன்றை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. பெரிய நடிகரான பிறகும், சினோவில் உள்ள சீர்திருத்தப் பள்ளிக்கு அடிக்கடி போவார். பையன்களோடு உட்கார்ந்து பேசுவார். தாமும் அங்கே இருந்தவர் என்பதை மறைக்க மாட்டார். உயிலில் அந்தப் பள்ளிக்குப் பணம் எழுதி வைத்தார்.

ரோட்டுக்குச் செய்த வண்டி பாலைவனத்துக்கு உதவாது என்று பட்டறையில் யாரும் தூக்கி எறியவில்லை. வேண்டாததைக் கழற்றினார்கள். பலவீனமான இடத்துக்குக் காப்புப் போட்டார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். தெருவில் திரிந்த ஒரு பையனுக்குச் சினோ பள்ளி செய்ததும் அதுதான்.